விடுப்புக்குக் காரணம்: ஒன்றுமில்லை

1

போன வாரம் எங்கள் மெத்தை ஃபேக்டரி ஆபீசில் பழைய ஃபைல்களைக் கழித்துக்கட்டினார்கள். லீவு பிரிவில் உட்காரும் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் உன்னுடையது, குப்பையில் போட மனசு வரவில்லை" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தாள். கனடாவில் இந்த வின்னிபெக் ஊர் ஃபேக்டரியில் சேர்ந்தபின் வருடா வருடம் ஜனவரியில் ஊருக்குப் போக நான் கொடுத்த விண்ணப்பங்கள். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் பெயர், கையெழுத்து என்னுடையது. 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் என்னோடு வேலை பார்க்கும் வால்டர் நிரப்பியிருக்கிறான்.

முதல் தாளில் 'விளையாட மறுத்துவிட்டான்.' அடுத்ததில் 'இரண்டு ஒன்பது, போதாது.' இன்னொன்றில் 'மூன்று ஏழு வைத்திருந்தான், ஆனால் நாங்கள் யாரும் ஆட்டத்தில் இல்லை.' இப்படி ஆறு தாள்களிலும் சிவப்பு மையில் நிராகரிப்பு. ஏழாவது தாளில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறது. அதன் மேல் பச்சை முத்திரை, அனுமதி.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. எனக்கே விளங்க வெகுநாள் ஆயிற்று. இன்று கார்த்திகை தீபம். இங்கே வெளியே மூக்கை நீட்டினால் மூக்கு திரும்பி வருமா என்று தெரியாத குளிர். சமையலறை மேடையில் மூன்று அகல் ஏற்றி, புகை மணி அலறாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டைக் கட்டிவிட்டு, அந்தத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2

திருவண்ணாமலையில் நான் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். வேலை முடிந்ததும் நேராக ஒரு மல்லாட்டை மண்டியின் மொட்டை மாடிக்குப் போவேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அங்கே ஆறு பேர் ரம்மி ஆடுவோம். பந்தயம் காசில்லை, மல்லாட்டைதான். காசு வைத்தால் போலீஸ் வரும் என்ற பயம். மல்லாட்டையில் ஒரே சங்கடம், ஜெயித்தவன் எண்ணி முடிப்பதற்குள் பக்கத்திலிருப்பவன் பாதியைத் தின்றுவிடுவான்.

எங்கள் ஆட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். உலகத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள். நாங்கள் வட்டமாக உட்கார்ந்தால் மூன்று பேராவது மலைக்கு முதுகைக் காட்ட வேண்டும். அதற்கு யாரும் தயாரில்லை. ஒருநாள் முறை வைத்துப் பார்த்தோம். முதுகைக் காட்டிய மூன்று பேரும் தோற்றார்கள், ஒருத்தருக்கு வாயுப்பிடிப்பும் வந்தது. அதோடு ஆறு பேரும் மலையைப் பார்த்து ஒரே வரிசையில், பந்தியில் உட்கார்வதுபோல உட்கார்ந்துவிட்டோம். சீட்டுப் போடுகிறவன் எதிரில் குனிந்துகொண்டே போய் ஒவ்வொருத்தருக்காகப் பரிமாறுவான்.

இப்படி உட்கார்ந்தால் பக்கத்து ஆள் சீட்டு பளிச்சென்று தெரியும். ஆகவே பக்கத்தில் பார்க்காமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் திறமை. ஆறு பேரும் கழுத்தை அசைக்காமல் மலையையே பார்த்துக்கொண்டு ஆடுவோம். ஒருதடவை ரெய்டுக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர், மாடிப்படி ஏறி எங்கள் வரிசையைப் பார்த்ததும் தியானம் என்று நினைத்து பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கடைசியில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

எங்களில் கெட்டிக்காரர் ஏகாம்பரம் அண்ணன், மண்டியில் எடை போடுகிறவர். அவர் சொல்வார்:

"கைக்கு வர்றது மலை குடுக்கறது. கீழ போடறதுதான்டா நம்ம மூள. வர்றதுக்கு மலைக்கு ஒரு பார்வ பாத்துடு. போடறதுக்கு ஆரையும் பாக்காத."

அதனால் நல்ல சீட்டு வந்தால் உச்சியை ஒரு பார்வை பார்த்து மனசுக்குள் கும்பிடுவது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. எல்லாரும் மலையையே பார்த்துக்கொண்டிருப்பதால் யார் எப்போது கும்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. எதிராளியின் முகம் என்று ஒன்று சீட்டாட்டத்தில் உண்டு என்பதே எனக்கு இருபத்தெட்டு வயசு வரைக்கும் தெரியாது.

3

நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய தீபத்தன்று அம்மா என் தங்கை செல்வியை என்னோடு அனுப்பினாள். செல்வி கடைக்குட்டி. அப்போது பத்து வயசு. அப்பா போனபிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். கூட்டத்தில் அம்மா கோயிலுக்குள் போய்விட்டாள். நான் செல்வியை மண்டி வாசலில் ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, "அஞ்சு நிமிஷம், மல்லாட்ட துன்னுக்கினு இரு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். எனக்கு அன்றைக்குக் கை அப்படி ஓடியது. ஆர்ட்டின் எட்டு ஒன்று வந்தால் போதும், ஆட்டம் முடிந்தது.

ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "செல்வி, வயது பத்து, சிவப்புப் பாவாடை." ஏகாம்பரம் மலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"தாண்டவா, உன் தங்கச்சி பேரு இன்னா?"

"ஊர்ல ஆயிரம் செல்விண்ணா. நீ போடு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார்கள். "செல்வி, கீழ்பென்னாத்தூர்." கீழ்பென்னாத்தூரிலும் நாலைந்து செல்வி இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தடவை மைக்கில் இருந்தவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "சிறுமியின் அண்ணன் மண்டி மாடியில் சீட்டாடிக்கொண்டிருப்பதாகச் சிறுமி கூறுகிறாள். அண்ணன் எங்கிருந்தாலும் உடனே வரவும்."

ஊரே கேட்டது. கோயிலுக்குள்ளிருந்த அம்மாவும் கேட்டாள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு, ஒரே ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கையை நீட்டினேன். ஸ்பேடு ராஜா. அதே நேரம் உச்சியில் தீபம் ஏறியது. எல்லாரும் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து கையைக் குவித்தார்கள். நான் படியில் ஓடினேன்.

போலீஸ் பந்தலில் செல்வி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. "கூட்டத்துச் சத்தத்துல மைக்கு காதுலயே விழல" என்று அம்மாவிடமும் அவளிடமும் சொன்னேன். அம்மா நம்பினாளோ இல்லையோ, மறுநாள் காலையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தாள். "இனிமே சீட்டக் கையால தொடமாட்டன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணு." பண்ணினேன். அதுவரைக்கும் சரி. காதில் விழவில்லை என்று சொன்னதுதான் பத்து வருஷமாக என்னோடு விமானம் ஏறி வந்து இங்கேயே குடியிருந்தது.

4

மச்சான் கூப்பிட்டு மனைவி லட்சுமியோடும் கைக்குழந்தை கற்பகத்தோடும் கனடா வந்தேன். மூன்று வருஷம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தபிறகு மெத்தை ஃபேக்டரியில் பரிசோதகர் வேலை. தைத்து வரும் மெத்தைமேல் படுத்து, உருண்டு, எந்த ஸ்பிரிங் முதுகில் குத்துகிறது என்று சாக்பீஸால் குறி போட வேண்டும். மகன் வெளிநாட்டில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டவர்களிடம் அம்மா, "படுத்துக்கினே சம்பளம்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

எங்கள் பிரிவில் நாலு பேர். மூன்று வாரம் சேர்ந்தாற்போல் லீவு வேண்டுமானால் ஆர்டர் கம்மியாக இருக்கும் ஜனவரியில்தான் கிடைக்கும், அதுவும் பிரிவுக்கு ஒருத்தருக்கு. குளிருக்குப் பயந்து நாலு பேரும் கேட்பார்கள். நான் சேர்வதற்கு முன்னால் இதற்காக ஒரு கைகலப்பு நடந்து, ஒருத்தன் பல் போயிருக்கிறது. அதிலிருந்து மூத்த பரிசோதகன் வால்டர் ஒரு வழி கண்டுபிடித்தான். நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேரும் போக்கர் ஆட வேண்டும். ஆளுக்கு இருபது மெத்தைப் பொத்தான். கடைசியில் யாரிடம் ஜாஸ்தி இருக்கிறதோ அவருக்கு ஜனவரி.

முதல் வருடம் சத்தியத்தைச் சொல்லி ஆடமாட்டேன் என்றேன். விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆபீஸ் அம்மாளிடம் போய் என் ஓட்டை ஆங்கிலத்தில் நியாயம் கேட்டேன். "லீவைச் சீட்டில் முடிவு செய்யலாமா? அது அதிர்ஷ்டமாயிற்றே?" அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். "அதிர்ஷ்டம் என்றால் நாலு பேருக்கும் சமம், ஆகவே அநியாயமில்லை. திறமை என்றால் நீ கற்றுக்கொள்ளலாம், ஆகவே அநியாயமில்லை. எது என்று முடிவு செய்துவிட்டு வா, அதற்குத் தகுந்த படிவம் தருகிறேன்." நான் முடிவு செய்ய முடியாமல் திரும்பிவிட்டேன்.

அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமானால் அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீற வேண்டும். இரண்டு மாதம் யோசித்தேன். மெத்தைத் துணியில் அழுக்குப் படாமலிருக்க எங்களுக்கு வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுப்பார்கள். கையால் தொடமாட்டேன் என்றுதானே சொன்னேன். அடுத்த வருடம் கையுறையோடு போய் உட்கார்ந்தேன். ஏதோ தந்திரம் என்று சந்தேகப்பட்டு என் கையுறையை வால்டர் கழற்றி உதறிப் பார்த்தான். ஒன்றுமில்லை என்றதும் எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள்.

போக்கரில் ஆளுக்கு ஐந்து சீட்டு. ஆட்டத்துக்கு ஒரு பொத்தான் முதலிலேயே நடுவில் வைக்க வேண்டும். சீட்டு நன்றாக இருந்தால் மேலே மேலே வைக்கலாம், மோசமென்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். எல்லாரும் ஒதுங்கிவிட்டால் மிச்சமிருப்பவனுக்கு நடுவில் இருப்பது அத்தனையும். அவன் கையில் என்ன இருந்தது என்று காட்டக்கூட வேண்டாம். பொய் சொல்வதை இவ்வளவு ஒழுங்காகச் சட்டதிட்டத்தோடு ஆடுகிற ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஐந்து வருடம் தோற்றேன். அதிலும் விசித்திரம், எனக்கு நல்ல சீட்டு வரும்போதெல்லாம் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல் கவிழ்த்துவிடுவார்கள். மோசமான சீட்டில் மட்டும் விடாமல் கூட வந்து பிடுங்கிக்கொள்வார்கள். மலை பக்கத்தில் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டேன்.

5

போன வருடம் அம்மாவிடமிருந்து கடிதம். செல்விக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. போளூர்ப் பக்கம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தையில் முகூர்த்தம். 'தாரை வார்க்க அப்பன் இல்லை, நீயும் உன் பொண்டாட்டியும்தான் நிக்கணும். நீ வராம நான் தேதி வைக்கமாட்டேன். தையைத் தாண்டினா அவங்க வேற இடம் பாக்கிறதாச் சொல்லிட்டாங்க.' அடியில் செல்வி கையெழுத்தில் ஒரு வரி: 'அண்ணா, அஞ்சு நிமிஷத்துல வந்துடு.'

அந்த வரியைப் படித்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் தங்கை கல்யாணம் ஐந்து சீட்டில் தொங்குகிறது என்று கடிதத்தில் எப்படி எழுதுவது?

அன்றிலிருந்து சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் லட்சுமியோடும் கற்பகத்தோடும் பயிற்சி. கற்பகத்துக்கு அப்போது பத்து வயசு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். பொங்கலைப் பால் சாதக் கஞ்சி என்று சிநேகிதிகளிடம் சொல்லிவைத்திருந்தாள். ஊர் போட்டோவைக் காட்டினால் கொட்டாவி விடுவாள். நம்மை விட்டுப் போய்விட்டது இந்தப் பெண் என்று லட்சுமியும் நானும் பேசிக்கொள்வோம். அவள் மூன்றாவது நாளே சீட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பா, உன்கூட ஆடறது போர். நல்ல கார்டு வந்தா நீ மேல செவுத்தப் பாக்குற. எவ்ரி டைம்."

"நானா?"

"நீதான். இப்பிடி." தாடையைத் தூக்கி, கண்ணைக் கொஞ்சம் மூடி, பக்தியாக ஒரு பார்வை பார்த்தாள். அச்சு அசல் ஏகாம்பரம் அண்ணன்.

ஐந்து வருடமும் மூன்று பேரும் எதற்காகக் கவிழ்த்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வால்டருக்குத் தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் முகத்தில் மலை ஏறி உட்கார்ந்துகொண்டு கையிலிருப்பதை மைக் வைத்துச் சொல்லியிருக்கிறது.

"அப்ப உல்டாவா பண்ணு" என்றாள் கற்பகம். "கார்டு மோசமா இருந்தா மேல பாரு. நல்லா இருந்தா கீழ பாரு."

கையில் ஒன்றுமில்லாமல் மலையைப் பார்ப்பது மலையை வைத்துப் பொய் சொல்வதல்லவா? சத்தியத்தைக் கையுறை போட்டு மீறியாயிற்று, அடுத்தது இதுவா? லட்சுமியும், "அது மட்டும் வேணாங்க, கல்யாண காரியம்" என்றாள். கற்பகம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் அறைக்குப் போய்ப் பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்துவந்தாள். வின்னிபெக்கில் ஒரு விரல், எங்கள் ஊர் இருக்கும் இடத்தில் ஒரு விரல்.

"நாம இங்க இருக்கோம். உன் ஹில் அந்தப் பக்கம். நடுவுல பூமி." பிறகு என் நாற்காலிக்குக் கீழே, தரையைச் சாய்வாகக் காட்டினாள். "மலை கீழ இருக்குப்பா. நீ இத்தன வருஷமா சும்மா ஃபேக்டரி பல்ப கும்பிட்டிருக்க."

லட்சுமி உருண்டையை வாங்கி நாலு தடவை சுற்றிப் பார்த்தாள். மறுக்க வழியில்லை. நல்ல சீட்டுக்குத் தரையைப் பார்த்தால்தான் மலையைக் கும்பிட்டதாகும். ஒன்றுமில்லாதபோது மேலே பார்த்தால் அது வெறும் சுவர். கற்பகம் சொன்ன வழி தந்திரத்துக்கும் சரி, சாஸ்திரத்துக்கும் சரி. என்னைவிட்டு எங்கோ போய்விட்டதாக நான் நினைத்திருந்த பெண், இத்தனை வருஷமும் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

6

அந்த வெள்ளிக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சீட்டுகள் குப்பை. வால்டர் தலைக்குமேல் தீயணைப்புக் கருவி மாட்டியிருந்த சுவரை நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பேரும் கவிழ்த்தார்கள். நடுவில் கிடந்த பொத்தான்களை நான் அள்ளிக்கொண்டேன். மறுபடி குப்பை, மறுபடி சுவர், மறுபடி அள்ளினேன். நாலாவது ஆட்டத்தில் மூன்று பத்து வந்தது. என் பூட்ஸ் நுனியைப் பார்த்து, சாய்வாக, மனசார, அருணாசலா என்றேன். இவன் கையில் இன்று ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் பொத்தானைக் கொட்டினார்கள்.

மணியடிக்க ஐந்து நிமிஷம் இருந்தபோது நானும் வால்டரும்தான் மிச்சம். இரண்டு பேரிடமும் ஏறத்தாழ சமமாக இருந்தது. கடைசி ஆட்டம். எனக்கு வந்தது இரண்டு, நாலு, ஏழு, ஒன்பது, ராஜா. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த ராஜா ஸ்பேடு. பத்து வருஷத்துக்கு முன்னால் மாடியில் என் கைக்கு வந்த அதே சீட்டு. செல்வியின் சிவப்புப் பாவாடை ஞாபகம் வந்தது. எல்லாப் பொத்தானையும் நடுவில் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்தேன். மாடியில் பார்த்ததைப் போலப் பார்த்தேன்.

வால்டர் வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். "டாக்டர், உன் சாமி இன்றைக்கு ரொம்பத் தாராளமாக இருக்கிறார்" என்றான். சீட்டைக் கவிழ்த்தான். பிறகு வயிற்றெரிச்சலில் திருப்பியும் காட்டினான். மூன்று ராணி.

ஜெயித்தவனோ தோற்றவனோ, கடைசி ஆட்டத்தில் கையில் என்ன இருந்தது என்று வால்டர் படிவத்தில் எழுத வேண்டும், அதுதான் வழக்கம். ஆட்டத்தில் காட்டாவிட்டாலும் படிவத்துக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். காட்டினேன். அவன் ஐந்து சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெளிறிப்போய், பேனாவை எடுத்து எழுதினான்: ஒன்றுமில்லை.

ஆபீஸ் அம்மாள் அதைப் படித்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். "போதாத காரணம் என்றால் நிராகரிக்கலாம். காரணமே இல்லையென்றால் நிராகரிக்க விதி இல்லை" என்று பச்சை முத்திரையைக் குத்தினாள். போகும்போது கேட்டாள். "அதிர்ஷ்டமா, திறமையா? முடிவு செய்துவிட்டாயா?" "என் மகள்" என்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றாள்.

7

கல்யாணம் திருவண்ணாமலைச் சத்திரத்தில். வந்து இறங்கிய முதல் நாளே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி வருஷமா குடுக்காத லீவ இந்த வாட்டி எப்பிடிடா குடுத்தான்?"

"நல்லா வேல செஞ்சன்னு குடுத்தாங்கம்மா."

"மலையப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு. சீட்டாடினியா?"

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. உலகத்தில் எனக்கு மட்டும்தான் என் முகம் தெரியாது. கையுறை விஷயத்தைச் சொன்னேன். அம்மா, "கையால தொடல இல்ல? அப்ப சரி" என்று என் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அந்த அழுக்குக் கையுறையை வாங்கி சாமி மாடத்தில் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பொட்டுகூட வைக்கிறாளாம்.

முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் சத்திரத்து மாடியில் செல்வி மருதாணிக் கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் ஊர் வழக்கப்படி மலையைப் பார்த்து ஒரே வரிசையில் நின்றோம். அவள் மலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கி மைக்குல என் பேரச் சொன்னது உனுக்குக் கேட்டுச்சா?"

நான் உச்சிப் பக்கம் நிமிர்ந்திருந்த தாடையை இறக்கினேன். மலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவளுக்கு எதிரில் போய் நின்றேன்.

"கேட்டுச்சும்மா. மூணு வாட்டியும் கேட்டுச்சு."

செல்வி என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது, வாய் மட்டும் சிரிக்கப் பார்த்தது.

"அப்பிடி இன்னா சீட்டு இருந்துச்சு கையில?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி. மூக்கு அரிக்குது, கையில மருதாணி. கொஞ்சம் சொறிஞ்சு வுடு."

சொறிந்துவிட்டேன்.